அடுப்பு அணைந்த நேரம்: கடலோர இளவேனில் உணவில் எளிமை எது?

பருவமும் காற்றும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழ் மரபின் கணக்கு. சோழமண்டலக் கடற்கரையில் இந்த இரு மாதங்களும் பெயரளவில்தான் இளமையானவை. சென்னையில் பகலின் சராசரி உச்ச வெப்பம் ஏப்ரலில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். மே மாதத்தில் அது 37ஐ ஒட்டி நிற்கிறது. உள்நாட்டில் வேலூரும் திருச்சியும் இதைவிடச் சூடானவை. ஆனால் அங்கே நிழலுக்குள் நுழைந்தால் கிடைக்கும் ஆறுதல் கடலோரத்தில் கிடைப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை சுரக்கிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

இதற்குக் கடலோரம் பெற்ற ஈடு கடற்காற்று. முற்பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து எழும்போது கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நண்பகலை ஒட்டி அது கரையேறிவிட்டால் மாலை இதமாக அமையும். மேற்கிலிருந்து நிலக்காற்று வலுத்து வீசும் நாட்களில் கடற்காற்றின் வரவு பிற்பகல் வரை தள்ளிப்போகும். சில நாள் வராமலே போவதும் உண்டு. அந்த மேல்காற்றுக்குத் தமிழில் கோடை என்றே பெயர். வெயில் பருவத்துக்கும் மேற்குக் காற்றுக்கும் ஒரே சொல் வழங்கும் பொருத்தத்தை இக்கரையில் வாழ்பவர்கள் உடலால் அறிவார்கள்.

இப்பருவத்தின் உணவை ‘எளிய உணவு’ என்றும் ‘வயிற்றுக்கு லேசானது’ என்றும் பேசுவது வழக்கம். நீர்மோர், பானகம், பழையசோறு, வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு ஆகியவற்றுக்கு இந்தப் பேச்சு பொருந்துகிறது. அதே பருவத்தில் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் கட்டிக்கொண்டு போகும் சோறு எது? நல்லெண்ணெய் மிதக்கக் கிளறிய புளியோதரை. அதை லேசான உணவு என்று எந்தச் சமையற்காரரும் சொல்லமாட்டார். ஒரே பருவம் இந்த இரண்டையும் தன் உணவாக வைத்திருப்பது எதனால் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

வழக்கிலுள்ள மூன்று விளக்கங்கள்

முதலாவது, சூடு–குளிர்ச்சி விளக்கம். உணவுப்பொருள்கள் உடலுக்குச் சூடு தருபவை, குளிர்ச்சி தருபவை என்று இரு வகைப்படும். வேனிலில் குளிர்ச்சி தருபவற்றை உண்ண வேண்டும் என்பது இதன் சாரம். சித்த மருத்துவமும் வீட்டுப் பெரியவர்களின் சொல்லும் இதில் ஒன்றுபடுகின்றன. இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவதற்கில்லை. உணவைச் செரிக்கும் வேலையே உடலில் வெப்பத்தை உண்டாக்குகிறது. புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு அப்படி வெப்பமாகச் செலவாகிறது. மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10 விழுக்காடுதான். மோரும் உப்பும் கலந்த நீர் வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடு செய்கிறது. ஆனால் இந்த விளக்கம் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. பழுத்த மாம்பழம் சூடு என்பது பரவலான கருத்து. மாம்பழம் அதிகம் உண்ணப்படுவதோ இந்த மாதங்களில்தான்.

இரண்டாவது, சடங்கு விளக்கம். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடியும் மாங்காய்ப் பச்சடியும், இராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் வடைப்பருப்பும், சித்திரா பௌர்ணமிக்குச் சித்திரான்னமும் என்று நாள்காட்டியே பட்டியலைத் தருகிறது. ஆனால் சடங்கு எதை உண்பது என்று சொல்கிறதே ஒழிய, அது ஏன் அமைந்தது என்று சொல்வதில்லை. சில இடங்களில் குளிர்ச்சி விளக்கத்தோடு மோதவும் செய்கிறது. சித்திரகுப்தனுக்கு நோன்பிருப்போர் சித்திரா பௌர்ணமியன்று பசுவின் பாலையும் தயிரையும் மோரையும் தவிர்ப்பது வழக்கம். வெயில் தகிக்கும் நாளில் மோரை விலக்கும் நோன்பை உடல்சூட்டுக் கணக்கால் விளக்க முடியாது.

மூன்றாவது, வறுமை விளக்கம். பழையசோறும் கருவாடும் இல்லாதவர் உணவு. பின்னாளில் அதற்கு ‘பாரம்பரியம்’ என்ற பெயர் ஒட்டப்பட்டது என்பது இதன் வாதம். இதில் உண்மை இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையன்று. உழவரும் மீனவரும் விடியுமுன் வேலைக்குப் போக நீர்ச்சோற்றைத்தான் நம்பினார்கள். எனினும் மோர்மிளகாயும் வத்தல் வடகமும் எல்லா வீட்டு மாடிகளிலும் காய்ந்தவையே. வறுமை மட்டுமே காரணமாக இருந்தால் வசதியான அடுக்களைகள் இவற்றுக்கு இத்தனை உழைப்பைக் கொடுத்திருக்காது.

மூன்று விளக்கங்களும் உண்பவரின் பக்கத்திலிருந்து சொல்லப்படுபவை: அவர் உடல், அவர் பக்தி, அவர் கையிருப்பு. சமைப்பவர் நிற்கும் இடத்தை அவற்றில் எதுவும் பார்க்கவில்லை. அந்த இடத்திலிருந்து பார்த்தால் வேறொரு ஒழுங்கு தெரிகிறது.

தீ இல்லாத சமையல்

இளவேனில் உணவுகளை அடுப்போடு வைத்து வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பாசிப்பருப்பை ஊறவைத்து வெள்ளரியும் மாங்காயும் தேங்காயும் சேர்க்கும் வடைப்பருப்புக்குத் தாளிப்பு மட்டுமே தீ. அதைக்கூட விடுபவர்கள் உண்டு. பானகத்துக்கும் நீர்மோருக்கும் அதுவும் வேண்டாம். வெல்லத்தைக் கரைத்துச் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் சேர்த்தால் பானகம் ஆயிற்று. நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் தர்பூசணியும் கத்தியோடு முடிகின்றன.

பழையசோற்றை ஆக்குவது காலம். முந்தின நாள் வடித்த சோற்றில் நீரூற்றி மூடிவைத்தால், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இரவோடிரவாக அதைப் புளிக்கவைக்கின்றன. காலையில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மாவடு, மோர்மிளகாய். மாவடுவின் பழமை நெடியது: பெரும்பாணாற்றுப்படை காட்டும் அந்தணர் வீட்டு விருந்தில் மாவின் வடு ஊறிய காடி இடம்பெறுகிறது. அதில் உப்பும் காலமும் தீயின் வேலையைச் செய்துவிடுகின்றன.

மீனிலும் இதே போக்கைக் காணலாம். கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் தடை வருகிறது. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாளாக, ஜூன் 14 வரை நீள்கிறது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே ஆழ்கடலின் பெருமீன்கள் குறைந்து, கரையோரத்து நெத்திலியும் சாளையும் காரலும் கூடைகளில் முன்னுக்கு வருகின்றன. நெத்திலி வேகச் சில நிமிடங்கள் போதும். மாங்காய் போட்ட குழம்பில் கடைசியாக இட்டு இறக்கிவிடலாம். மண்சட்டியில் முதல்நாள் மாலை வைத்த மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது கரையோர வீடுகளில் எல்லோரும் சொல்வது. ருசி உண்மைதான். மறுநாள் நண்பகலில் சமைக்க வேண்டாம் என்பது அதோடு சேர்ந்து வரும் பயன்.

கருவாடு இந்த ஒழுங்கின் உச்சம். வெயிலும் உப்பும் மட்டுமே அதை ஆக்குகின்றன. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் பாணர்க்குத் தருவது உலர்ந்த குழல்மீனைச் சுட்ட உணவு. நெய்தல் விருந்தின் அடையாளமாகப் புலவர் கண்ணில் பட்டது, முன்பே வெயில் பக்குவப்படுத்திய மீன். நெருப்பு அதைக் கடைசியில் ஒருமுறை தொட்டது, அவ்வளவே. கூழ்வடகமும் மோர்மிளகாயும் அப்பளமும் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்து ஆண்டு முழுதுக்கும் சேமிப்பாகின்றன. இக்கரையின் இளவேனில் அடுக்களையில் கதிரவனே பெரிய அடுப்பு.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எளிமை என்ற சொல்லின் பொருள் இடம் மாறுகிறது. இலையில் இருப்பது குறைவு என்பதோ வயிற்றில் கனக்காது என்பதோ அதன் முதற்பொருள் அன்று. வெயில் ஏறும் நேரத்தில் அடுப்பு எரியாமல் இருப்பதே முதற்பொருள். வயிற்றின் இதம் அதன் பின்விளைவு.

கட்டுச்சோற்றின் கணக்கு

முதலில் எழுந்த முரண்பாட்டுக்கு இங்கே விடை கிடைக்கிறது. புளியோதரை கனமான உணவுதான். ஆனால் விடியற்காலையில் ஒரே அடுப்பில் கிளறி முடித்தால் நண்பகலையும் மாலையையும் தாண்டி நிலவு எழும்வரை கெடாது. அதன் கனம் அந்தக் காத்திருப்புக்குக் கொடுக்கும் விலை.

வெந்த சோறு இப்பருவத்தில் எளிதில் ஆபத்தாகும் பொருள். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை; சோறு ஆறி, அறையின் வெம்மையில் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். சோற்றின் அமிலக் குறியீடு, அதாவது பிஎச் அளவு, 4.6க்குக் கீழே இருந்தால் நோய்க்கிருமிகளின் வளர்ச்சி கட்டுப்படும் என்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் அளவுகோலாகக் கொள்கின்றன. புளி அந்த வேலையைச் செய்கிறது. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை வற்றவிடுவதால் நீர் போகிறது; உப்பு கூடுகிறது; எண்ணெய் பருக்கைகளின் மேல் படிகிறது. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும் என்ற கண்டிப்பிலும் காரணம் உண்டு: சூட்டோடு மூடினால் நீராவி உள்ளே படிந்து சோறு நசநசத்துப் போகும். புதுப்புளி உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, உப்பிட்டுப் பானையில் அடைபடுவது தை முதல் பங்குனி வரை. சித்திரைச் சோற்றுக்கு அது நேரத்துக்கு வந்து சேர்கிறது.

எலுமிச்சைச் சோறும் மாங்காய்ச் சோறும் இதே கணக்கில் அடங்கும், ஆனால் அத்தனை நேரம் தாங்காது. தயிர்ச்சோற்றுக்கு வேறு உத்தி. கட்டிக்கொண்டு போகும் தயிர்ச்சோற்றில் தயிர் ஒரு கரண்டிதான். மீதி ஆறின பால். போகும் வழியிலேயே பால் உறைந்து, உண்ணும் நேரத்தில் புளிப்பு அளவாக நிற்கும். பாலைத் தயிராக்கும் வேலையை வீட்டில் முடிக்காமல் பயணத்திடமே ஒப்படைக்கும் இந்த நுட்பம் கட்டுச்சோற்று அறிவின் நுண்மையான பகுதி. தேங்காய்ச் சோறு மட்டும் இக்கணக்குக்குள் வராது. அமிலம் இல்லாத அது சீக்கிரம் ஊசும்; அதனால் கலந்தசோற்று வரிசையில் அதை முதலில் உண்டு முடிக்கும் வழக்கம் பொருளுள்ளது.

கட்டுச்சோறு இக்கரையின் அரசியல் வரலாற்றிலும் ஒரு பங்கு பெற்றிருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகள் ஏப்ரல் 28இல் வேதாரண்யத்தை அடைந்தார்கள். முழுவதும் சித்திரை வெயில். அவர்களுக்கு உணவோ இடமோ தரக்கூடாது என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரை மணலில் பாத்திரங்களைப் புதைத்து வைத்து இடத்தைக் காட்டினார்கள். சமைத்த கையும் உண்ணும் வாயும் சந்திக்காமலே பசி ஆறியது. சமைக்கும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் பிரித்துவைக்கும் பழக்கம் ஏற்கெனவே ஊறிப்போன ஒரு வட்டாரத்தில் இந்த உத்தி தோன்றியதில் வியப்பில்லை.

கரையில் உண்ணுதல்: புகார் முதல் மெரினா வரை

வெளியில் உண்ணுவதை நேரத்தோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். மிதவெப்ப நாடுகளில் வசந்தம் வந்ததும் வெயிலைத் தேடி மேசையை வெளியே எடுத்துப் போடுகிறார்கள். இக்கரையில் வெயில் போன பிறகே வெளியே வருகிறார்கள். அடுக்களையும் சுவர்களும் பகலின் சூட்டை இரவிலும் கக்கிக்கொண்டிருக்க, மணலில் காற்று வீசுகிறது. சித்திரா பௌர்ணமி அதற்கு விளக்கும் தருகிறது. அன்று கன்னியாகுமரியில் மேற்கே கதிரவன் கடலில் இறங்குவதையும் கிழக்கே நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கூட்டம் சேர்கிறது.

இதற்கு மிகப் பழைய சான்று சிலப்பதிகாரம். புகாரின் இந்திரவிழா சித்திரை முழுநிலவோடு இணைந்தது. விழா முடிந்தபின் ஊர் கடலாடப் போகிறது. கோவலனும் மாதவியும் போகிறார்கள். கடலாடு காதை அந்த இரவுக் கரையை விளக்குகளாலேயே வரைகிறது. பூவும் சாந்தும் விற்பவர் விளக்கு, பிட்டு வாணிகரின் விளக்கு, அப்பம் சுடும் கூவியரின் அகல், மீன் விற்பவரின் விளக்கு, பரதவர் திமில்களின் விளக்கு, கலங்கரை விளக்கு என்று அப்பட்டியல் நீள்கிறது. காப்பியத்தின் வருணனையை அப்படியே நிகழ்ந்ததன் பதிவாகக் கொள்வது பிழை. ஆனால் புலவர் கற்பனையில் ஒரு விழாக்கால இரவுக் கடற்கரை, உணவு விற்போர் இன்றி நிறைவு பெறவில்லை என்பது உறுதி. அங்கே விற்கப்பட்டவை பிட்டும் அப்பமும் என்பதும் கவனத்துக்குரியது: ஆவியிலும் சிறு சட்டியிலும் அவ்வப்போது ஆகும் கைப்பண்டங்கள், இலை விரித்துப் பரிமாறும் சோறன்று.

மெரினா இந்த மரபின் பிற்கால வடிவம். ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1880களில், அங்கே உலாப்பாதை அமைந்தது. மாலையில் கூடும் கூட்டத்துக்கிடையே கேட்கும் ‘தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்’ என்ற கூவல் இக்கட்டுரையின் வாதத்தை நான்கு சொல்லில் அடக்குகிறது. பட்டாணி பகலில் ஊறி வீட்டில் வெந்து வருகிறது. தேங்காயும் மாங்காயும் பச்சையாகவே சேர்கின்றன. கரையில் தீ வேண்டாம். பக்கத்து வண்டியில் மாங்காய்ப் பத்தைக்கு உப்பும் மிளகாய்த்தூளும் மட்டுமே சமையல்.

வீட்டு அளவில் இதற்கு இணை மொட்டைமாடி நிலாச்சோறு. பெரிய பாத்திரத்தில் பிசைந்த சோற்றை வீட்டுப் பெண் ஒருவர் உருட்டிச் சுற்றியிருப்பவர் உள்ளங்கையில் வைக்கிறார். இலையில்லை, தட்டில்லை, கழுவ எதுவும் மிச்சமில்லை.

தெற்கே திருச்செந்தூர், உடன்குடி வட்டாரத்தில் உண்கலமே மரத்திலிருந்து வருகிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் புளிக்காமல் இறங்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கையும் மாங்காய்த் துண்டுகளையும் போட்டு, மரத்தடியிலேயே குடிப்பார்கள். குடித்து முடிந்ததும் பட்டை மண்ணில் விழும்.

மாறுபடும் சான்று

யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் மேற்கண்ட வாதத்துக்கு எதிராக நிற்கிறது. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்து இடித்த ஒடியல்மாவை நீரில் ஊறவிட்டுக் கைப்பு நீக்கி, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் பெரும்பானையில் கொதிக்கவைத்து, பழப்புளியும் அரைத்த மிளகாயும் சேர்த்துக் கரைத்து ஊற்றுவது அது. தீ நீண்ட நேரம் எரிகிறது, உணவும் கனமானது, ஆவி பறக்கவே குடிக்கப்படுகிறது. பலாக்கொட்டை கிடைக்கும் வெயில் மாதங்களில் அது விரும்பப்படுவதும் உண்மை.

எனினும் கூழ் எங்கே காய்ச்சப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கூழுக்குப் பெரும்பாலும் முற்றத்திலேயே கல் கூட்டி அடுப்பு வைக்கிறார்கள். உறவினர் சுற்றி அமர்ந்து, பனையோலைப் பிளாவிலோ கோலிய பலாவிலையிலோ வாங்கிக் குடிக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கரை தீயைக் குறைத்தது. யாழ்ப்பாண முற்றம் தீயை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனது. இரண்டிலும் அடுக்களையின் சுவர்களுக்குள் சூடு ஏறவில்லை. வெப்பமான உணவு வியர்க்கவைத்துக் குளிர்விக்கும் என்ற விளக்கத்தைக் கூழுக்குச் சொல்வதுண்டு. ஈரமிகுந்த கடலோரக் காற்றில் அதன் பயன் குறைவு. திறந்த முற்றத்தில் காற்று அடிக்கும்போது மட்டும் அது ஓரளவு பொருந்தும்.

எளிமையின் சுமை

தீ குறைந்ததால் உழைப்பு குறைந்துவிடவில்லை. வேறு இடத்துக்கும் வேறு ஆட்களுக்கும் நகர்ந்தது. வத்தல் பிழிய விடியுமுன் கூழ் கிண்டி, மாடி ஏறி, வெயில் ஏறுமுன் துணியில் இட்டு, காக்கையும் ஆடும் அண்டாமல் காத்து, மாலையில் உரித்தெடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. மீன் உப்பிட்டுப் புரட்டிப்போடும் கருவாட்டுக் களங்களிலும் பெண்களே நிற்கிறார்கள். பதநீருக்காகப் பனையேறி நாளுக்கு இரண்டு முறை ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குகிறார். இந்த உணவுகளைக் காக்கும் உப்பு, தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் இதே வெயிலில் பாத்திகளில் விளைகிறது. வாருபவரின் கால்கள் நாள் முழுதும் உப்புநீரில் ஊறுகின்றன.

ஆகவே இக்கரையின் இளவேனில் உணவை இயற்கையோடு இயைந்த எளிய வாழ்வின் சின்னமாக மட்டும் எழுதுவது பாதி உண்மை. நண்பகலில் ஒரு வீட்டின் அடுப்பு அணைந்திருக்கிறது என்றால், அந்த வேலையை யாரோ முன்பே வெயிலில் நின்று செய்து முடித்திருக்கிறார். சமையல் நூல்கள் புளிக்காய்ச்சலின் அளவையும் மாவடுவின் பக்குவத்தையும் விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. உப்பளத்திலும் கருவாட்டுக் களத்திலும் பனையடியிலும் நிற்பவர்களின் வேனில்காலப் பணிநேரமும் அவர்கள் உண்ணும் உணவும் அதே அக்கறையோடு பதிவாக வேண்டும். கடலோர உணவைப் பற்றி எழுதுவோர் அடுத்துப் போக வேண்டிய இடங்கள் அவையே.